அண்டர்எஸ்டிமேட்: புளியஞ்சோலையில் நான் போட்ட தப்புக் கணக்கு

வாரம் ஒரு வார்த்தை

"இடுப்பளவுதான் இருக்கும், குதிடா!"

இந்த மூன்று சொற்களைச் சொன்னது நான்தான். சொன்ன இடம் புளியஞ்சோலை. குதித்தவன் என் சித்தி பையன், எட்டாம் வகுப்பு படிக்கிறான். அடுத்த இருபது விநாடிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை சில்லிட்டுவிடும்.

இந்த வாரம் என்ன வார்த்தை எழுதலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. அது தானாக வந்து உட்கார்ந்துகொண்டது: 'அண்டர்எஸ்டிமேட்'. ஒரு அளவையோ, ஆளையோ, ஆபத்தையோ உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக நினைத்துவிடுவது. நாம் தினமும் சொல்கிற வார்த்தைதான். 'என்னை ரொம்ப அண்டர்எஸ்டிமேட் பண்றே' என்று வீட்டில் சண்டை போடாதவர்கள் யார்? ஆனால் அதன் முழு அர்த்தத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது அகராதி இல்லை, ஒரு ஆறு.

போனவர்களுக்குத் தெரியும், போகாதவர்களுக்குச் சொல்கிறேன். புளியஞ்சோலை, கொல்லிமலையின் அடிவாரம். திருச்சியிலிருந்து துறையூர் வழியாகப் போனால் 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மலைக்கு மேலே வண்டியில் போக வேண்டுமானால் நாமக்கல் பக்கம் காரவள்ளிக்குப் போய், 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். புளியஞ்சோலைக்கு அந்தத் தலைசுற்றல் இல்லை. மேலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆகாய கங்கையாக விழுகிற ஐயாறு, பாறை பாறையாக இறங்கி இங்கே வந்து நம் காலைத் தொடும். அதனால்தான் திருச்சி, நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டுச்சோறோடு இங்கே வந்துவிடுகிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் போனோம். அப்பா, அம்மா, பெரியப்பா, அப்பாயி, நான், சென்னையிலிருந்து லீவுக்கு வந்த சித்தி பையன். சித்தி வரவில்லை. போனில், "தண்ணி இருக்கிற இடம், புள்ளைய பத்திரமா பாத்துக்க" என்று என்னிடம்தான் சொன்னார். "சின்ன ஓடைதான் சித்தி" என்றேன். முதல் அண்டர்எஸ்டிமேட் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இருபது விநாடி

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். ஒரு பாறையின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். இடுப்பளவு என்று பட்டது. அவன் கேட்டான், நான் சொன்னேன், அவன் குதித்தான்.

தலை மேலே வரவில்லை. வந்தபோது கை மட்டும் வந்தது. எனக்குக் குரலே வரவில்லை. நானும் குதிக்கப் போனேன். பெரியப்பா என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, கட்டியிருந்த வேட்டியை உருவி வீசினார். மூன்றாவது வீச்சில் பையன் பிடித்துக்கொண்டான். இழுத்துப் பாறையில் போட்டோம். இருமினான், வாந்தி எடுத்தான், அழுதான். அப்பாயி தன் முந்தானையால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அரை டிராயரோடு நின்ற பெரியப்பாதான் நிலைமையைச் சகஜமாக்கினார். "வேட்டி கட்டுறவனை எல்லாம் பழைய ஆளுன்னு சொல்றீங்களேடா... ஜீன்ஸை உருவி வீச முடியுமா?"

பெரியப்பா அன்றைக்குச் செய்ததுதான் சரியான முறை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நீந்திக் காப்பாற்றப் பயிற்சி இல்லாதவர், தவிப்பவரை நோக்கிக் குதித்தால் இரண்டு பேருமே போய்விடலாம். துண்டு, வேட்டி, புடவை, கயிறு, கம்பு என்று எதையாவது நீட்ட வேண்டும்; காலி குடமோ, மூடிய பெரிய பாட்டிலோ மிதப்பதற்கு வீச வேண்டும்.

கண் ஏன் ஏமாந்தது?

என் கண்ணில் கோளாறு இல்லை. எல்லோர் கண்ணுக்கும் தண்ணீர் இதைத்தான் செய்யும். பள்ளியில் படித்த ஒளிவிலகல்தான். தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளி வளைகிறது. அதனால் அடித்தளம் மேலே தூக்கினாற்போலத் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால், உண்மையான ஆழத்தில் நாலில் மூன்று பங்குதான் தெரியும். எட்டு அடி ஆழம், ஆறு அடியாகத் தெரியும். கரையில் உட்கார்ந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். தண்ணீர் எவ்வளவு தெளிவோ, நம் நம்பிக்கையும் அவ்வளவு கூடும். கலங்கிய தண்ணீரில் யாரும் குதிக்கச் சொல்ல மாட்டார்கள். தெளிந்த தண்ணீர்தான் ஆளை ஏமாற்றும்.

வீட்டில் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டுங்கள். ஒரு கிண்ணத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போடுங்கள். கிண்ணத்தின் விளிம்பு நாணயத்தை மறைக்கும்வரை பிள்ளையை மெதுவாகப் பின்னால் நகரச் சொல்லுங்கள். இப்போது தலையை அசைக்காமல் பார்க்கச் சொல்லி, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். மறைந்த நாணயம் மேலெழும்பி வந்து தெரியும். நாணயம் நகரவில்லை. நகர்ந்தது நம் கணிப்பு.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று பெரியவர்கள் சொன்னது உவமை என்றுதான் நினைத்திருந்தேன். அதை அப்படியே செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். கம்பால் அளக்காமல் இறங்காதே, குதிக்கவே குதிக்காதே.

ஃபோனில் வெயில், ஆற்றில் வெள்ளம்

கதை அதோடு முடியவில்லை. பையனுக்குச் சூடாக டீ வாங்கக் கரையிலிருந்த கடைக்குப் போனேன். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, உங்க ஆளுங்களை மேல ஏறி வரச் சொல்லு. தண்ணி நெறம் மாறுது. மேல மழை."

நான் வானத்தைப் பார்த்தேன். நல்ல வெயில். ஃபோனை எடுத்து வானிலை பார்த்தேன். அதிலும் சூரியன் சிரித்தது. "இல்லக்கா, இன்னிக்கு மழை இல்லைன்னு போட்டிருக்கே" என்றேன். அவர் என்னிடம் வாதாடவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு இறங்கிப் போய், பாறையில் உட்கார்ந்திருந்த எல்லோரையும், எங்கள் வீட்டு ஆட்களையும் சேர்த்து, "எந்திரிங்க சாமி, எந்திரிங்க" என்று கிளப்பிவிட்டார். எங்கள் அப்பாயி மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் முதல் ஆளாகக் கிளம்பினார்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. முதலில் சருகுகள் வந்தன. பிறகு சுள்ளிகள். பிறகு டீ நிறத்தில் தண்ணீர். சலசலப்பு இரைச்சலாக மாறியது. நாங்கள் கட்டுச்சோறு பிரித்து உட்கார்ந்திருந்த பாறை கண்ணெதிரே காணாமல் போனது.

ஒரே நாளில் இரண்டு முறை அண்டர்எஸ்டிமேட் செய்திருக்கிறேன். முதல் முறை ஆழத்தை. இரண்டாம் முறை மழையை. இல்லை, அதுகூட இல்லை. இரண்டாம் முறை நான் குறைத்து மதிப்பிட்டது அந்த அக்காவை.

மலையடிவார ஆற்றின் கணக்கு இதுதான். நம் தலைக்கு மேல் பெய்கிற மழைக்கும் நம் காலடியில் ஓடுகிற தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. மலையில் எங்கெங்கோ பெய்வதெல்லாம் சிற்றோடைகளாகச் சேர்ந்து கீழே வருகிறது. ஐயாறு என்ற பெயரிலேயே ஐந்து ஆறு இருக்கிறது. நாம் பார்ப்பது கூட்டுத்தொகையை மட்டும்தான்.

'1 சென்டிமீட்டர் மழை' என்று செய்தியில் படித்தால் நமக்கு என்ன தோன்றும்? விரல் நகத்தின் அகலம். சாதாரணம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். வீட்டுக்கு வாங்குகிற 20 லிட்டர் கேன் கணக்கில் 5 லட்சம் கேன். அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் போகும். சரிவும் பாறையுமான இடத்தில் மிச்சமெல்லாம் கீழேதான் வரும்.

ஓடும் தண்ணீரின் எடையையும் நாம் கணக்கில் எடுப்பதில்லை. நான்கு மீட்டர் அகலம், முழங்கால் அளவாக அரை மீட்டர் ஆழம், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம். சாதுவான ஓடைதான். ஆனால் விநாடிக்கு 2,000 லிட்டர், அதாவது 2 டன் தண்ணீர் நம்மைக் கடக்கிறது. விநாடிக்கு 100 கேன்! ஒரு கேனைத் தூக்கி டிஸ்பென்சரில் கவிழ்க்கவே நமக்கு மூச்சு வாங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் நம் மேல் மோதும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். வேகமாக ஓடும் வெள்ளம் 6 அங்குலம் இருந்தாலே ஒரு பெரிய ஆளைக் கீழே தள்ளிவிடும், 12 அங்குலம் இருந்தால் சின்ன காரை நகர்த்திவிடும் என்று அமெரிக்க தேசிய வானிலை சேவை பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறது. 6 அங்குலம் என்பது கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற விஷயம் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறி ஓடிய வீடியோவை நம்மில் பலர் ஃபோனில் பார்த்தோம். 17 வயது மாணவர் ஒருவர் அதில் உயிரிழந்தார். எங்கள் டெஸ்க்கிலும் இப்படிச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தலைப்பு வைத்து அனுப்பிவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருக்கிறேன். அந்தச் செய்திக்குள் நானே இருந்திருப்பேன் என்று அன்றுதான் உறைத்தது.

'அண்ணே, அது நௌனா, வெர்பா?'

திரும்பி வரும்போது பஸ்ஸில் பையன் என் தோளில் சாய்ந்திருந்தான். துறையூர் தாண்டியதும் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, நீங்க அண்டர்எஸ்டிமேட் பண்ணிட்டீங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அது நௌனா, வெர்பா?" என்றான். சாகப் பிழைத்தவனுக்குக் கிராமர் சந்தேகம்!

இரண்டும்தான் தம்பி. ஆனால் உச்சரிப்பு மாறும். வினைச்சொல்லாக, அதாவது 'குறைத்து மதிப்பிடு' என்று வந்தால் கடைசி அசை 'மேட்': அண்டர்எஸ்டிமேட். பெயர்ச்சொல்லாக, 'குறைமதிப்பீடு' என்று வந்தால் கடைசி அசை தேய்ந்து 'மட்' ஆகும்: அண்டர்எஸ்டிமட். 'எஸ்டிமேட்'டுக்கும் இதே விதிதான். வீடு கட்டும்போது மேஸ்திரி கொடுக்கிற தாளை நாம் எல்லோரும் 'எஸ்டிமேட்' என்கிறோம். ஆங்கிலேயர் காதுக்கு அது 'எஸ்டிமட்'. அதற்காக மேஸ்திரியைத் திருத்தப் போகாதீர்கள். அவர் எஸ்டிமேட்டை ஏற்றிவிடுவார்.

இந்த வார்த்தையின் குடும்பத்தில் ஒரு அழகான உறவு இருக்கிறது. 'எஸ்டிமேட்' என்பதும், மரியாதை என்று பொருள்படும் 'எஸ்டீம்' என்பதும் ஒரே லத்தீன் தாய் பெற்ற பிள்ளைகள். 'விலை மதி, தரம் அறி' என்பதுதான் அந்தத் தாய்ச்சொல்லின் பொருள். தமிழுக்கு வாருங்கள். மதிப்பீடு என்றால் எஸ்டிமேட். மதிப்பு என்றால் மரியாதை. இங்கேயும் வேர் ஒன்றுதான்: 'மதி'. எங்கோ இருக்கிற இரண்டு மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து நிற்கின்றன. சரியாக அளக்காதவன் சரியாக மதிக்கவும் மாட்டான். பஜ்ஜிக் கடை அக்காவிடம் நான் செய்தது அதைத்தான்.

பேச்சுத் தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. 'லேசா நெனச்சுட்டேன்', 'சாதாரணமா எடை போட்டுட்டேன்', 'இளக்காரமா பாத்துட்டான்' எல்லாமே அண்டர்எஸ்டிமேட்தான். 'கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது' என்பது அண்டர்எஸ்டிமேட் செய்கிறவர்களுக்கு நம் ஊர் கொடுத்த பதில்.

பக்கத்து வீட்டு வார்த்தைகள்

ஒன்றுக்குப் பதில் ஒன்றைப் போட்டுக் குழப்பிக்கொள்கிற சில வார்த்தைகளையும் பார்த்துவிடுவோம்.

ஓவர்எஸ்டிமேட்: இது நேர் எதிர். இருப்பதைவிட அதிகமாக நினைத்துவிடுவது. ஆகாய கங்கையைப் பார்க்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது உற்சாகமாக இருக்கும். திரும்பி ஏறும்போதுதான் தெரியும். படிகளை அண்டர்எஸ்டிமேட் செய்திருப்போம், நம் முழங்காலை ஓவர்எஸ்டிமேட் செய்திருப்போம். பெரும்பாலும் இந்த இரண்டும் ஜோடியாகத்தான் வரும்.

மிஸ்ஜட்ஜ்: கண்ணாலோ மனதாலோ தப்பாகக் கணிப்பது. கூடவா, குறைவா என்று இது சொல்லாது. தப்பு என்று மட்டும் சொல்லும். உயரமாக வந்த பந்தின் கீழே ஃபீல்டர் முன்னே ஓடி, பந்து பின்னால் விழுந்தால் கமென்டேட்டர் சொல்வது இந்த வார்த்தையைத்தான்.

மிஸ்கால்குலேட்: கணக்குப் போட்டுத் தப்பாவது. இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்துபோய் நின்றது. அந்த நாடு மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. தேவைப்பட்டது 22,300 கிலோ எரிபொருள். கணக்கில் கிலோ இருக்க வேண்டிய இடத்தில் பவுண்டு நுழைந்துவிட, ஏறியதோ பாதிக்கும் குறைவு. விமானிகள் அந்தப் பெரிய விமானத்தைக் காற்றிலேயே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரிலிருந்த பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

அண்டர்ஸ்டேட்: இது நினைப்பில் இல்லை, பேச்சில் குறைப்பது. நடந்ததைச் சின்னதாக்கிச் சொல்வது. அன்று இரவு சித்தி போன் செய்தபோது, "கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டான் சித்தி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அது அண்டர்ஸ்டேட்மென்ட்.

கெஸ்டிமேட்: ஊகிப்பது என்ற 'கெஸ்'ஸையும் 'எஸ்டிமேட்'டையும் ஒட்டிப் பிறந்த குழந்தை. நம் 'குத்துமதிப்பு'தான் இது. குத்துமதிப்பு என்ற சொல்லே போதும் என்பது என் கட்சி.

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முந்தைய நாளான 2000 நவம்பர் 6 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ், தன்னை எதிரிகள் 'மிஸ்அண்டர்எஸ்டிமேட்' செய்துவிட்டதாகப் பேசினார். மிஸ்ஸும் அண்டரும் சேர்ந்த அப்படி ஒரு வார்த்தை அகராதியில் கிடையாது. உலகமே சிரித்தது. ஆனால், ஜெயித்தது அவர்தான். நீங்கள் இதைத் தேர்வில் எழுதினால் ஜெயிக்க மாட்டீர்கள்.

படித்தவர்களே வழுக்கும் இடம்

இது கொஞ்சம் நுணுக்கம். நிதானமாகப் படியுங்கள். மேடைகளில், 'அம்மாக்களின் உழைப்பு கேனாட் பி அண்டர்எஸ்டிமேட்டட்' என்று சொல்வார்கள். பாராட்டத்தான் சொல்கிறார்கள். ஆனால் சொல்லுக்குச் சொல் பிரித்துப் பாருங்கள். 'அம்மாக்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடவே முடியாது.' அதாவது, எவ்வளவு குறைவாக மதிப்பிட்டாலும் அது குறைவாகாது, அவ்வளவு சின்னது என்றும் ஒரு அர்த்தம் எட்டிப் பார்க்கிறது! சொல்ல வந்தது, 'எவ்வளவு உயர்த்தி மதிப்பிட்டாலும் அது அதிகமாகாது' என்பது. அப்படியானால் 'கேனாட் பி ஓவர்எஸ்டிமேட்டட்' என்று வர வேண்டும்.

குழப்பத்திலிருந்து தப்பிக்கச் சுலப வழி: 'கேனாட்'டை விட்டுவிட்டு 'ஷுட் நாட்' போடுங்கள். 'ஷுட் நாட் பி அண்டர்எஸ்டிமேட்டட்' என்றால் 'குறைத்து மதிப்பிடக் கூடாது'. சந்தேகத்துக்கே இடமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் வழுக்குகிறார்கள் என்பதால் நமக்கு வெட்கம் தேவையில்லை, கவனம் போதும்.

மலை மேல் ஒரு குறைமதிப்பீடு

ஆற்றை விடுங்கள். அந்த மலையின் தானியத்தையே நாம் பல ஆண்டுகள் அண்டர்எஸ்டிமேட் செய்திருக்கிறோம். சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு எல்லாம் கொல்லிமலை மக்களின் அன்றாடச் சாப்பாடு. ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு தேவைப்பட, சிறுதானியம் விளைந்த நிலங்கள் மரவள்ளிக்கு மாறின. காசு கொடுத்த பயிர் ஜெயித்தது. ஆங்கிலத்தில் இந்தத் தானியங்களுக்கு அரசு ஏடுகளில் இருந்த பெயர் 'கோர்ஸ் சீரியல்ஸ்'. கோர்ஸ் என்றால் சொரசொரப்பான, மட்டமான. பெயரிலேயே இளக்காரம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலை விவசாயிகளோடு சேர்ந்து இந்தத் தானியங்களைக் காப்பாற்றும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தது. 2018-ல் மத்திய அரசு அந்தப் பெயரை 'நியூட்ரி சீரியல்ஸ்', அதாவது சத்துத் தானியங்கள் என்று மாற்றியது. 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. சாமை மாறவில்லை. நம் எஸ்டிமேட் மாறியிருக்கிறது.

அப்பாயியின் கைப்பிடி

அப்படியானால் குத்துமதிப்பே தப்பா? அதுவும் இல்லை. எங்கள் அப்பாயி அளந்து சமைத்ததை நான் பார்த்ததே இல்லை. பத்துப் பேர் வந்தாலும் இருபது பேர் வந்தாலும் கையால்தான் அரிசி அள்ளுவார். மிச்சமும் ஆகாது, பற்றாமலும் போகாது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "உனக்கு மட்டும் எப்படி அப்பாயி அளவு தப்பறதில்ல?"

"தப்பாம எப்படி? கல்யாணம் ஆன புதுசுல தெனமும் தப்பும். கொறஞ்சா நான் பட்டினி, மிஞ்சுனா மாமியாகிட்ட ஏச்சு. அப்புறம் கை கத்துக்கிச்சு."

யோசித்தால் எல்லாம் அதில் இருக்கிறது. அப்பாயியின் கை அறுபது வருடமாகத் தினமும் திருத்தப்பட்ட கை. இன்றைக்குப் போட்ட கணக்கு சரியா என்று இன்றைக்கு மாலையே பதில் வந்துவிடும். பஜ்ஜிக் கடை அக்காவின் கண்ணும் அப்படித்தான். அந்த ஆற்றைத் தினமும் பார்க்கிற கண். என் கண் அந்த ஆற்றைப் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அதுவும் செல்ஃபி கேமரா வழியாக. இரண்டு கண்ணுக்கும் ஒரே தைரியம் இருக்கலாமா?

திருக்குறளில் இந்த வார்த்தைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. 475-வது குறள், வலியறிதல் அதிகாரம்: மயிலிறகுதானே என்று அளவு பார்க்காமல் ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சே முறிந்துவிடும் என்கிறார் வள்ளுவர். இது அளவை அண்டர்எஸ்டிமேட் செய்கிறவர்களுக்கு. 667-வது குறள், வினைத்திட்பம் அதிகாரம்: உருவத்தைப் பார்த்து யாரையும் இகழாதே, பெரிய தேரைத் தாங்குகிற சின்ன அச்சாணி போன்றவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்கிறார். இது ஆளை அண்டர்எஸ்டிமேட் செய்கிறவர்களுக்கு. முதல் குறளில் அச்சு, இரண்டாவதில் அச்சாணி. எனக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு குறளுக்கும் பொருள் தெரிந்தது.

ஆற்றுக்கோ அருவிக்கோ போகிறவர்கள் இந்த நான்கை மட்டும் நினைவில் வையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆழத்தை நம்பாதீர்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ செருப்பைத் தேடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். வெள்ளம் ஓடும் தரைப்பாலத்தில் வண்டியை இறக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டுப்பாடம்

பொருத்தமான ஆங்கில வார்த்தையைச் சொல்லுங்கள்.

1. முப்பது பேர் வந்த காதுகுத்துக்கு ஐம்பது பேருக்குச் சமைத்துவிட்டார்கள்.
2. மளிகைக் கடைக்காரர் பில்லைக் கூட்டும்போது நூறு ரூபாய் விட்டுப்போனது.
3. பஸ் தூரத்தில் வருகிறது என்று நினைத்துச் சாலையைக் கடக்கப் போனவர், பதறிப் பின்வாங்கினார்.
4. கால் முறிந்து கட்டுப் போட்டிருப்பவர், 'லேசா சுளுக்கு' என்கிறார்.

விடைகள்: 1. ஓவர்எஸ்டிமேட். 2. மிஸ்கால்குலேட். 3. மிஸ்ஜட்ஜ். பஸ்ஸின் வேகத்தை 'அண்டர்எஸ்டிமேட்' செய்தார் என்றாலும் சரிதான். 4. அண்டர்ஸ்டேட்.

நான்காவது விடைக்கு நானும் ஒரு உதாரணம் என்று மேலே சொன்னேன். அதைச் சரிசெய்துவிடுகிறேன். சித்தி, இந்தப் பகுதியை நீங்கள் வாரம் தவறாமல் படிக்கிறீர்கள் என்று தெரியும். அவன் கொஞ்சம் தண்ணி குடிக்கவில்லை. மூழ்கிவிட்டான். குதிக்கச் சொன்னது நான். காப்பாற்றியது பெரியப்பாவும் அவர் வேட்டியும். இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

திட்டுவதற்கு நீங்கள் கூப்பிடுவீர்கள். எவ்வளவு நேரம் திட்டுவீர்கள் என்பதை நான் அண்டர்எஸ்டிமேட் செய்யவில்லை. சார்ஜ் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் வேறொரு வார்த்தையோடு சந்திப்போம்.